கருந்துளசி செய்த குற்றம் என்ன?

சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றைப் பத்து நாட்களாக மேசையின் மீதே வைத்திருக்கிறேன். எழுதியவர் எழுபத்து நான்கு வயது அம்மையார். அவருடைய பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். சென்னைக்கு வெகு தொலைவில்லை என்ற அளவோடு நிறுத்திக் கொள்கிறேன்.

அவர் வீட்டு முற்றத்தில் இருபது ஆண்டுகளாகத் துளசி மாடம் இருக்கிறது. அதில் இருப்பது கருந்துளசி. கொல்லை வாசலில் கருநொச்சி ஒன்றும் உண்டாம். பேத்திக்கு மூன்று ஆண்டுகளாக வரன் பார்க்கிறார்கள். எதுவும் கூடி வரவில்லை. வாஸ்து பார்க்க வந்த ஒருவர் வீட்டைச் சுற்றி வந்து, "கறுப்புச் செடிகள் இருக்கும் வீட்டில் சுபகாரியம் தங்காது, எல்லாவற்றையும் எடுத்து விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தை பிறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று மகன் நாள் குறித்துவிட்டார். "இருபது வருஷமாக விளக்கேற்றிய மாடத்தை நான் எப்படிக் காலி செய்வேன்? செய்யாவிட்டால் பேத்தியின் வாழ்வுக்கு நானே தடையாகி விடுவேனோ?" என்று கேட்டிருக்கிறார். கையெழுத்துக்குக் கீழே, வேறு மையில், பிறகு சேர்த்த வரி ஒன்றும் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடியேன் சாத்திரம் கற்றவன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்துவிட்டு, மூலக்கொத்தளத்தில் ஒரு மொட்டை மாடியில் செடி வளர்த்துக் கொண்டிருப்பவன். ஆனாலும் அந்த மாடியில் நிற்பவற்றில் பாதி கறுப்புச் செடிகள்தாம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

மூலக்கொத்தளம் என்றாலே பலருக்கு முதலில் நினைவு வருவது இடுகாடு. "சுடுகாட்டுப் பக்கம் வீடு, அதில் கறுப்புச் செடி வேறா?" என்று உறவினர் கேலி செய்ததும் உண்டு. பெயரின் பொருள் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தங்கள் கோட்டைக்கு வடக்கே இருந்த ஊரைச் சுற்றி மதில் கட்டினார்கள். அந்த மதிலின் மூலையில் இருந்த கொத்தளமே இன்று மூலக்கொத்தளம் ஆயிற்று என்பர். மதிலுக்கு வரி போட நினைத்த நினைவு வால்டாக்ஸ் சாலையில் இருக்கிறது. மதிலுக்குள் இருந்த ஊரை அவர்கள் அழைத்த பெயர் கறுப்பர் பட்டணம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடி சூடியதை ஒட்டி 1911-ல்தான் அது ஜார்ஜ் டவுன் ஆனது. ஒருவரது நிறத்தைப் பார்த்து ஊருக்குப் பெயர் வைப்பதை அந்நியர் செய்தார்கள். அந்தப் பட்டணத்துக்குள்தான், தம்புச் செட்டித் தெருவில், காளிகாம்பாள் கோயில் கொண்டிருக்கிறாள். காளி என்ற பெயருக்கே கருநிறத்தாள் என்பது பொருள். அவள் சந்நிதியில் நின்று கறுப்பு ஆகாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பெருமாள் கோயில்களைப் பாருங்கள். திருமோகூரில் காளமேகப் பெருமாள். தஞ்சை மாமணிக்கோயிலில் நீலமேகப் பெருமாள். திருநெல்வேலியில் கரியமாணிக்கப் பெருமாள். கிருஷ்ணன் என்ற சொல்லுக்கே கறுப்பு என்றுதான் அர்த்தம். வடமொழிக்குப் போக வேண்டாம் என்றால் தொல்காப்பியம் இருக்கிறது. அது காட்டு நிலமாகிய முல்லைக்குத் தெய்வமாகச் சொல்வது மாயோனை. மாயோன் என்றால் கரியவன். செடி கொடி மண்டிய நிலத்துக்குக் கரிய நிறத்தவனைத் தெய்வமாக வைத்தவர்கள் நம் முன்னோர். அழகர்மலைக்குப் போனால் பதினெட்டாம்படிக் கருப்பர்தான் காவல்.

அப்படியானால் கறுப்பு ஆகாது என்ற எண்ணம் வந்த வழி என்ன? சில வழக்கங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. கல்யாணப் பந்தலுக்குக் கறுப்பு வேட்டியோ கறுப்புப் புடவையோ உடுத்திப் போவதில்லை; நானும் போகமாட்டேன். எள் பிதிர் காரியத்துக்கும் சனி பகவானுக்கும் உரியதாக இருப்பதால் அதன் நிறத்தின் மீதும் ஓர் அச்சம் படிந்துவிட்டது. ஆனால் அதே கல்யாணத்தில் பல குலங்களில் பெண்ணின் கழுத்தில் கருகமணி ஏறுகிறது. பிறந்த குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிறோம். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தத் தோலோடு கூடிய கறுப்பு உளுந்தை ஊற வைக்கிறோம். செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் கறுப்புக் கவுனி அரிசியில் இனிப்புச் செய்து முதல் பந்தியில் பரிமாறுகிறார்கள். மாலை போட்ட ஐயப்ப பக்தர் கறுப்பு உடுத்தி வந்தால் "சாமி" என்று கும்பிடுகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொங்கல் பானையின் இரு பக்கமும் நாம் நிறுத்துவது எந்தக் கரும்பை? சர்க்கரை ஆலைக்குப் போகும் வெளிறிய கரும்பையா? கருஞ்சிவப்புத் தோல் பளபளக்கும் பன்னீர்க் கரும்பைத்தானே! அந்த வாஸ்து அன்பர் தம் வீட்டுப் பொங்கலுக்கு எந்தக் கரும்பை வாங்குகிறார் என்று அம்மையாரின் மகன் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

இனிக் கருந்துளசிக்கு வருகிறேன். துளசியில் பச்சை, கறுப்பு என்று இரண்டையும் நாம் வைத்துப் பூசிக்கிறோம். தாவர நூலார் இரண்டையும் ஒரே இனம் என்றே சொல்கிறார்கள். வட இந்தியர் பச்சையை ராம துளசி என்றும், கறுப்பைக் கிருஷ்ண துளசி என்றும் அழைப்பர். கருந்துளசியின் தண்டும் நரம்பும் கதிரும் ஊதா கலந்த கறுப்பாக இருக்கும். மணமும் காரமும் சற்றுத் தூக்கலாக இருக்கும். இலை முழுவதும் மை போல இருக்காது. இளம் இலை ஊதாவாகவும் முற்றிய இலை கரும்பச்சையாகவும் நிற்கும்.

இதை வளர்த்ததில் நான் பட்ட அவமானத்தைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற ஆண்டு ஒரு நர்சரியில் கருந்துளசிக் கன்று வாங்கி வந்தேன். வெயிலில் வாடுமே என்று இரக்கப்பட்டு, மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தேன். இரண்டு மாதத்தில் புதிதாக வந்த இலையெல்லாம் பச்சையாகி விட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று தொட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு போய்ச் சண்டை பிடித்தேன். அங்கிருந்த தோட்டக்காரர் என்னைவிட மூத்தவர். செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, இதை எங்கே வைத்தீர்கள்?" என்றார். நிழலில் என்றேன். "வெயிலில் வையுங்கள், நிறம் வரும். வராவிட்டால் பணத்தை வாங்கிக் கொள்ளுங்கள்" என்றார். கிழக்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாக, காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் விழும்படி வைத்தேன். மூன்று வாரத்தில் கொழுந்தெல்லாம் கறுத்து வந்தது. பணத்தைக் கேட்கப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன்.

அதன் பிறகுதான் காரணத்தைப் படித்துத் தெரிந்து கொண்டேன். இலையின் பச்சையம் எல்லாச் செடிக்கும் உண்டு. கறுத்த இலையிலும் அது அடியில் இருந்துகொண்டு உணவு தயாரிக்கத்தான் செய்கிறது. அதன் மேல் ஆந்தோசயனின் என்னும் ஊதா நிறமி படிகிறது. நாவல் பழத்தின் தோலிலும் கருந்திராட்சையிலும் இருப்பது இதே வகை நிறமிதான். கடும் வெயிலிலிருந்து இலையைக் காக்கும் குடை போல அது வேலை செய்கிறது என்கிறார்கள். மாந்தளிரும் அரசந்தளிரும் முதலில் செம்புக் கறுப்பாக வந்து பிறகு பச்சையாவதைப் பார்த்திருப்பீர்கள். இளம் இலைக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டும் அல்லவா? துளசிக்கு வெயில் இருந்தால் குடை விரிகிறது, நிழலில் வைத்தால் மடிந்து விடுகிறது. என் செடியிடம் குறை ஒன்றும் இல்லை. அது நிற்க வேண்டிய இடத்தில் நான் அதை நிறுத்தவில்லை.

இதற்காக அக்கினி நட்சத்திரத்தில் நாள் முழுவதும் மொட்டை மாடி வெயிலில் போட்டு விடாதீர்கள். எங்கள் பகுதியில் சித்திரை, வைகாசியில் தளத்தில் கால் வைக்க முடியாது. கறுப்பு பிளாஸ்டிக் பையில் செடி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: பை சூடேறி வேர் வெந்து விடும். இங்கே மட்டும் கறுப்பு வேண்டாம் என்பதே என் வாக்கு! மண் தொட்டி நல்லது. செங்கல் இரண்டை அடுக்கி அதன் மேல் வைத்தால் தளத்தின் சூடு ஏறாது. பிற்பகலுக்கு ஒரு பழைய வேட்டியைக் கட்டி நிழல் தந்தால் போதும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. நீர் தேங்கினால் துளசி பிழைக்காது.

வடசென்னையில் இன்னொரு தொல்லை உப்பு நீர். கடற்காற்றும் ஆழ்துளைக் கிணற்று உவர் நீரும் சேர்ந்து இலை ஓரத்தைக் கருக்கிவிடும். அந்தக் கருகலைப் பார்த்து, கருந்துளசி நன்றாகக் கறுத்து வருகிறது என்று மகிழ்ந்தவர் எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார்! நிறமி ஏறிய இலை மெத்தென்று இருக்கும். உப்பில் கருகிய இலை தொட்டால் நொறுங்கும். மழை நீரை இரண்டு குடம் பிடித்து வைத்துக் கொண்டு வாரம் ஒரு முறையாவது அதை ஊற்றினால் மண்ணில் ஏறிய உப்பு கரைந்து இறங்கும். சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் எங்கள் இலைகளில் படிந்து விடுகிறது. காலையில் நீர் தெளித்து இலையைக் கழுவி விட்டே விளக்கேற்றுகிறோம். மாவுப் பூச்சி கண்டால் வேப்பெண்ணெயில் சிறிது சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கலாம். அப்படித் தெளித்த இலையை ஒரு வாரம் பூசைக்கோ வாய்க்கோ எடுக்க வேண்டாம்.

துளசி ஆண்டாண்டுக்கும் நிற்கும் செடி அன்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்டு கட்டையாகிவிடும். அம்மையார் வீட்டு மாடத்தில் இருபது ஆண்டு நிற்பதும் ஒரே செடியாக இருக்க முடியாது. அவர் கையே திரும்பத் திரும்ப வைத்துக் காத்திருக்க வேண்டும். கதிர் முற்ற விடாமல் அவ்வப்போது கிள்ளிப் பெருமாளுக்குச் சாத்தி வந்தால் செடி அடர்ந்து ஆயுளும் கூடும். மஞ்சரி சாத்தும் வழக்கத்தில் இந்த நன்மையும் இருக்கிறது. துவாதசியன்று பறிக்கலாகாது என்பதை இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் பச்சைத் துளசி இருந்தால் தேனீ இரண்டையும் கலந்து விடும். விதையில் வரும் கன்று தாயைப் போலக் கறுப்பாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கறுப்பே வேண்டுமானால் கதிர் விடாத இளங்கிளையை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். தண்ணீரை ஒன்று விட்டு ஒரு நாள் மாற்ற வேண்டும்.

கறுப்புச் செடி மீது வந்த ஆசையில் ஏமாந்த கதையும் ஒன்று உண்டு. கருமஞ்சள் வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும் என்று சிலர் விற்று வருகிறார்கள். வடகிழக்கு மாநிலங்களிலும் நடு இந்தியாவிலும் இயல்பாக வளரும் இதன் கிழங்கை வெட்டினால் உள்ளே நீலக் கறுப்பாக இருக்கும். கற்பூர வாசம் வரும். இலையின் நடுவே ஊதாப் பட்டை ஓடும். ஒரு கண்காட்சியில் அந்தப் பட்டையைப் பார்த்து மயங்கி 600 ரூபாய் கொடுத்து ஒரு கன்று வாங்கினேன். தை மாதம் இலை காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி வெட்டினால் உள்ளே வெளிர் மஞ்சள்! ஊதாப் பட்டை ஓடும் இலை வேறு காட்டு மஞ்சள்களுக்கும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. நான் பணியாற்றிய கிளையில் நகைக் கடன் பிரிவு இருந்தது. அடகுக்கு வரும் நகையை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, அமிலம் ஒரு துளி விட்டுப் பார்க்காமல் ஒரு கிராமுக்கும் கடன் கொடுக்க விடமாட்டேன். அப்படிப்பட்டவன் கிழங்கை வெட்டிக் காட்டச் சொல்லாமல் பணம் கொடுத்தேன். என் இல்லத்தாள் இன்றுவரை அதை "உங்கள் வாராக் கடன்" என்றே சொல்கிறாள். அந்த உரைகல்லும் கறுப்புதான். பொன்னின் மாற்றை வேறு நிறக் கல்லில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கருமஞ்சளை அழகுக்கும் அரிய மூலிகை என்பதற்கும் வளர்க்கலாம். செல்வத்துக்கு என்றால் அஞ்சல் அலுவலகச் சேமிப்பு உத்தமம்.

ஒரு கறுப்புச் செடியை மட்டும் நானே என் கையால் எடுத்தேன். கரு ஊமத்தை. அதன் தண்டு மை பூசியது போல இருக்கும். பூ வெளியே ஊதா, உள்ளே வெள்ளை. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கடுக்காக மலரும். ஈசனுக்கு உகந்த மலர் என்பதால் பிரதோஷந்தோறும் என் மாமியார் பறித்துச் சாத்துவார். அவர் காலத்துக்குப் பின் என் மனைவி அதே தொட்டியில் தொடர்ந்து வளர்த்து வந்தாள். பேரன் நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அந்தத் தொட்டியின் முன் உட்கார்ந்து, முள் உருண்டை போன்ற காயைக் கையில் உருட்டிக் கொண்டிருந்தான். வாயில் வைக்கவில்லை. ஆனாலும் எனக்கு அன்று இரவு உறக்கம் இல்லை.

ஊமத்தையின் வேர், இலை, பூ, விதை அனைத்தும் நஞ்சு. அட்ரோபின், ஸ்கோபோலமின் போன்ற நச்சுப் பொருள்கள் அதில் உள்ளன. உட்கொண்டால் வாய் வறளும், முகம் சிவக்கும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், பிதற்றல் வரும். அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்தால் கை வைத்தியம் எதுவும் செய்யாமல் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தின்ற செடியின் ஒரு கிளையையும் எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும். "அம்மா வைத்த செடி, ஈசன் பூ, எடுக்கலாமா?" என்று மனைவி கலங்கினாள். இரண்டு நாள் இருவரும் சரியாகப் பேசிக் கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவளே பழைய துணியைக் கையில் சுற்றிக் கொண்டு வந்தாள். இருவருமாக எடுத்தோம். பிரதோஷத்துக்கு இப்போது வில்வம் சாத்துகிறோம். திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் ஆதிபுரீசர் திருமேனி ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறது. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் திறக்கிறார்கள். அந்த ஆண்டு அங்கே வரிசையில் நின்றபோது மனைவி, "கேட்டுக் கொண்டேன்" என்றாள். என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே கறுப்புச் செடி எல்லாம் வைக்கலாமா என்று கேட்டால், நஞ்சா இல்லையா என்று பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள் என்பேன். வெள்ளை அரளியும் மஞ்சள் அரளியும் நஞ்சுதான். அவற்றை யாரும் வாஸ்து பார்த்து எடுக்கச் சொல்வதில்லை.

மற்றவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருநொச்சி தண்டு கறுத்து, இலை ஒடுங்கி இருக்கும். வேலி ஓரத்தில் குச்சியை நட்டாலே பிடித்துக் கொள்ளும். நர்சரிகளில் இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் வேறொரு நொச்சியையும் இதே பெயரில் தருகிறார்கள். மருந்துக்கென்று வாங்குபவர்கள் சித்த மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக் கொள்வது நலம். கருஞ்சேம்பு இலை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். சாறு பட்டால் அரிக்கும். பன்னீர்க் கரும்பைப் பொங்கல் முடிந்ததும் நுனித் துண்டில் இரண்டு கணு விட்டு வெட்டி, பழைய டிரம் ஒன்றில் நட்டு அடுத்த தைக்கு இரண்டு கரும்பு எடுத்தேன். கடைக் கரும்பின் பாதிப் பருமன்தான். ஆனாலும் பானைக்கு இரு பக்கமும் அவற்றைத்தான் நிறுத்தினேன். கறுப்பு ரோஜா என்று விற்பதை நம்ப வேண்டாம், அது கருஞ்சிவப்பு.

கரிசலாங்கண்ணியைச் சேர்க்காமல் விட மனம் வரவில்லை. செடி பச்சை, பூ வெள்ளை. இலையைக் கசக்கினால் சாறு கறுத்துவிடும். அதனால் பெயரிலேயே கரி வந்துவிட்டது. அந்தச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தி, திரியாக்கி எரித்துத்தான் அந்நாளில் வீட்டிலேயே கண் மை செய்தார்கள். எங்கள் பகுதிக்கு அடுத்த ஏழுகிணற்றில், வீராசாமித் தெருவில் வாழ்ந்து கந்தகோட்டத்து முருகனை வழிபட்டவர் வள்ளலார். அவர் அன்பர்களுக்கு நாள்தோறும் கொள்ளச் சொன்ன மூலிகைகளில் முதன்மையானது இதுவே.

இனி அந்தக் கடைசி வரி.

"பெண் தங்கமான பெண். கொஞ்சம் நிறம் குறைவு, அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறார் அம்மையார்.

அம்மா, இந்த வரியைப் படித்த பிறகுதான் உங்கள் கடிதம் எனக்குப் புரிந்தது. வரன்கள் தட்டிப் போனதற்குக் காரணம் உங்களுக்கும் தெரியும், உங்கள் மகனுக்கும் தெரியும். வந்தவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் "பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்று போயிருப்பார்கள். அதைப் பெண்ணிடம் சொல்ல முடியாமல் எல்லோருமாகச் சேர்ந்து பழியைச் செடியின் மீது போடுகிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது என்று நினைக்கிறீர்களா? கறுப்பாக இருக்கிறது என்று சொல்லி முற்றத்துச் செடியைப் பிடுங்கும்போது அவள் எங்கே நின்று பார்த்துக் கொண்டிருப்பாள்?

உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. என் மகளுக்கு வரன் பார்த்த காலத்தில், ஜாதகத்தோடு அனுப்ப ஒரு படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு அழைத்துச் சென்றேன். அவள் வெளியே போனதும் படம் எடுப்பவரிடம், "கொஞ்சம் வெளுப்பாக வரும்படி போட்டுக் கொடுங்கள்" என்றேன். அவர் இதற்குப் பழக்கப்பட்டவர்; ஒன்றும் கேட்கவில்லை. படம் வீட்டுக்கு வந்தது. மகள் உறையைப் பிரித்துப் பார்த்தாள். "இது யாருப்பா?" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. படத்தை உறையில் போட்டு என் மேசை மீது வைத்துவிட்டுப் போனாள். பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவளுக்கு நல்ல இடத்தில் மணமாகி, பேரனும் வந்து, ஊமத்தையும் போயிற்று. நான் இன்னும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வரவில்லை. கோயிலில் அவளை நேரில் பார்த்துவிட்டு வந்தார்கள் என்பது தனிக் கதை.

மாடத்தை எடுக்க வேண்டாம். உங்கள் மகனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். என் மீது கோபம் வந்தால் எனக்கு எழுதட்டும். அப்படியும் எடுத்துத்தான் தீருவேன் என்றால், அதற்கு முன் நான்கு கிளைகளை வெட்டி நீரில் வைத்துவிடுங்கள். ஒருவேளை அதற்குள் எடுத்துவிட்டிருந்தால் கவலைப்படாதீர்கள். உங்கள் கடிதம் வந்த மறுநாளே என் செடியிலிருந்து மூன்று குச்சிகளை வெட்டித் தம்ளரில் வைத்தேன். இன்று காலை பார்த்தபோது இரண்டில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறது. மூன்றாவதற்கு இன்னும் நான்கைந்து நாள் ஆகலாம். தொட்டிக்கு மாற்றிப் புது இலை விட்டதும் சொல்லி அனுப்புகிறேன். உங்கள் பேத்தியையே வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.